சி.பி.எஸ். போலீஸ்காரர்களுக்கு 50 சதவீதம் பென்ஷன்: குறைகிற பணத்தை யார் போடுவார்கள்?

சி_பிளாக்_குவார்ட்டர்ஸ்:
வணக்கம். என் வீட்டுக்காரர் 2005-இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர், இப்போது ஏட்டு. பட்டாலியன், ஆயுதப்படை, அப்புறம் தாலுகா ஸ்டேஷன் என்று மூன்று மாவட்டம் சுற்றிவிட்டுப் போன வருஷம்தான் சொந்த மாவட்டத்துக்கு வந்தோம். 2026 ஜனவரி 3-ஆம் தேதி முதலமைச்சர் புது ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்த அன்று சாயங்காலம் எங்கள் பிளாக்கில் கேசரி கிண்டிக் கொடுத்தார்கள். நானும் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டேன். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு அவருடைய சி.பி.எஸ். (2003-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கான பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) ஸ்லிப்பை எடுத்துப் பார்த்தால் அவர் பங்கு, அரசு பங்கு, வட்டி எல்லாம் சேர்ந்து 20 வருஷத்துக்கு 21 லட்சத்துச் சொச்சம் நிற்கிறது. கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன், நம்மிடம் 10 சதவீதம்தான் பிடிப்பார்கள், குறைவதை அரசு போடும் என்கிறார்கள். சரி, அரசு எந்தப் பணத்தில் போடும்? இவர் ஓய்வு பெறுவது 2042-இல், அன்றைக்கு கோட்டையில் யார் உட்கார்ந்திருப்பார்களோ. இவரைக் கேட்டால் "ஆர்டர் வரட்டும், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, உங்கள் ஸ்லிப்பை வைத்தே பார்ப்போம். ஏட்டின் அடிப்படைச் சம்பளம் 45,000 என்று வைத்துக்கொள்கிறேன். எத்தனை வருஷ சர்வீஸ் என்பதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, புரிவதற்காக இன்றைக்கே ஓய்வு என்று வையுங்கள். பாதி 22,500. அதன்மேல் 58 சதவீத அகவிலைப்படி 13,050. மாதம் 35,550. உங்கள் 21 லட்சத்தை 7.1 சதவீத வட்டியில் போட்டால் மாதம் சுமார் 12,400 வரும். முதலைத் தொடாமல் 35,550 எடுக்க வேண்டுமென்றால் 60 லட்சம் கையில் இருந்தாக வேண்டும். எல்லாரும் பேசும் பற்றாக்குறை இதுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 2042-க்குள் உங்கள் 21 லட்சம் வட்டியோடு நன்றாகவே வளரும், சந்தாவும் கூடும், அதனால் அவர் ஓய்வு பெறும் நாளில் இடைவெளி சின்னதாகக்கூட இருக்கலாம். அதற்குப் பிறகுதான் அது விரியும். தொகை நின்ற இடத்தில் நிற்க, ஓய்வூதியம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படியோடு ஏறிக்கொண்டே போகும். அவர் 85 வயதுவரை நன்றாக இருக்கட்டும், அந்த 25 வருஷமும் வித்தியாசம் அரசின் தலையில்தான். அவருக்குப் பிறகு உங்களுக்கு அதில் 60 சதவீதம் குடும்ப ஓய்வூதியம் என்று அறிவிப்பில் இருக்கிறது, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வரிகட்டும்_கோவை:
கேசரிக்கு சர்க்கரை வாங்கியது என் காசு என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். நான் ஒரு பவுண்டரியில் 24 வருஷமாக வேலை பார்க்கிறேன். எனக்கு வரப்போவது இ.பி.எஸ்., அதாவது பி.எஃப். பிடிக்கும் தனியார் தொழிலாளிக்கான ஓய்வூதியம். அதில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய், 2014-இல் வைத்தது, இன்றுவரை அதே 1,000. சம்பளத்தில் 15,000-க்கு மேல் அவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதற்கு அகவிலைப்படியும் கிடையாது. நானும் இரவு ஷிப்ட் பார்க்கிறவன்தான். போலீஸ்காரருக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, திட்டத்துக்காக முதலில் 13,000 கோடி, அப்புறம் வருஷாவருஷம் 11,000 கோடி என்று அரசே சொல்கிறது, அது எங்கிருந்து வரும் என்று நானும் கேட்கலாம் இல்லையா? ஹிமாச்சலில் பழைய ஓய்வூதியத்துக்குத் திரும்பினார்கள். 2024 செப்டம்பரில் சம்பளம் 5-ஆம் தேதிக்கும் பென்ஷன் 10-ஆம் தேதிக்கும் தள்ளிப் போனது.

ஸ்டேஷன்_ரைட்டர்:
கோவை சார், உங்கள் 1,000 ரூபாய் அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் அது எங்களுக்கும் கொடுக்காமல் இருக்கக் காரணம் ஆகாது. ஹிமாச்சலைப் பற்றிச் சொன்னதும் பாதிதான் சரி. 2003-க்குப் பிறகு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்கள். 2024-இல் பென்ஷன் வாங்கியவர்களில் அநேகம் பேர் எப்படியும் பழைய திட்டத்துக்காரர்கள். புதியவர்களின் பில் இன்னும் வரவே இல்லை.

வரிகட்டும்_கோவை:
நீங்களே சொல்லிவிட்டீர்கள், பில் இன்னும் வரவில்லை. அது வரும்போது என் பையன் வரி கட்டிக்கொண்டிருப்பான்.

ஓய்வு_எஸ்எஸ்ஐ_மதுரை:
நான் பழைய திட்டத்தில் ஓய்வு பெற்றவன், எனக்கு இதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஒரு சங்கதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2003 ஜூலை. பறித்த சலுகைகளைத் திரும்பத் தரச் சொல்லி அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் டெஸ்மா சட்டம் 2002-இலேயே இருந்தது, அதற்கு மேல் ஒரு அவசரச் சட்டமும் போட்டு சுமார் 1,70,000 பேரை ஒரே அடியாக டிஸ்மிஸ் செய்தார்கள். சங்கத் தலைவர்களை ராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டி அழைத்துப் போன பார்ட்டிகளில் ஒன்றில் நானும் இருந்தேன். ஒரு வீட்டில் அந்த வாத்தியார் சட்டையைப் போட்டுக்கொண்டே "உங்களுக்கும் சேர்த்துத்தான்யா கேட்கிறோம்" என்றார். நாங்கள் பதில் பேசவில்லை, வண்டியில் ஏற்றினோம்.

அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது அதே வருஷம் ஆகஸ்ட் 6. பழைய ஓய்வூதியத்தை நிறுத்தி சி.பி.எஸ். கொண்டுவந்த நிதித்துறை அரசாணை 259-இன் தேதியைப் பாருங்கள், அதுவும் ஆகஸ்ட் 6. ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்தே அமல் என்று பின்தேதி போட்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் வந்த பையன்களின் பென்ஷன் போனது அந்தத் தாளில்தான். எங்கள் ஸ்டேஷனில் அதை ஒருவரும் படித்துப் பார்த்ததாக ஞாபகம் இல்லை, எங்களைத் தொடாத விஷயம் என்று விட்டுவிட்டோம்.

சி_பிளாக்_குவார்ட்டர்ஸ்:
ஐயா, இதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ நடத்திய மறியலுக்கு பந்தோபஸ்து போனதைச் சொன்னார். பழைய பென்ஷன் கேட்டு உட்கார்ந்திருந்த டீச்சர்களை மண்டபத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்களாம். கூட நின்ற மகளிர் போலீஸ் நாலு பேரும் சி.பி.எஸ். ஆட்கள்தானாம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஸ்டேஷன்_ரைட்டர்:
எங்கள் நிலைமையே அதுதான் அக்கா. 1966-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. அனுமதி இல்லாமல் போலீஸ்காரன் சங்கத்தில் சேர முடியாது, பத்திரிகையில் பேச முடியாது. ஆசிரியர்களும் வருவாய்த் துறையினரும் சாலைப் பணியாளர்களும் 20 வருஷமாகக் கத்தியதில்தான் எங்களுக்கும் சேர்த்து இந்த 50 சதவீதம் கிடைத்தது. இந்த ஜனவரி 6-ஆம் தேதி ஸ்ட்ரைக் என்று அவர்கள் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள், அறிவிப்பு 3-ஆம் தேதி வந்தது. அதற்கு பந்தோபஸ்து போட ஆள் கணக்கு எடுத்து வைத்திருந்தவன் நான்.

குடும்ப ஓய்வூதியம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சப்டிவிஷனில் ஒரு கிரேடு ஒன் காவலர் இருந்தான், 38 வயது. டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனவன் காலையில் எழுந்திருக்கவில்லை, மாரடைப்பு. பழைய திட்டம் என்றால் அடுத்த மாதமே அந்தப் பெண்ணுக்கு மாதாமாதம் ஒரு தொகை வரத் தொடங்கியிருக்கும். சி.பி.எஸ்.-இல் சேர்ந்த பணத்தை ஒரே தடவையில் கொடுத்து அனுப்புவதோடு சரி. அதற்கான பேப்பரை நான்தான் டைப் அடித்தேன். வந்த பணத்தில் பெரும்பகுதி வீட்டுக் கடனுக்கும் கூட்டுறவு சொசைட்டி லோனுக்கும் போய்விட்டது. கருணை வேலைக்கு மனுப் போட்டுவிட்டு அந்தப் பெண் இரண்டு வருஷம் ஜவுளிக்கடையில் நின்றாள். மாநில நிதி, கடன் சதவீதம் என்று யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ஃபைல்தான் ஞாபகம் வருகிறது. தப்பாக இருந்தாலும் அப்படித்தான்.

இர்விங்_தமிழன்:
வெளியூரிலிருந்து ஒருவன் குறுக்கே பேசலாமா? டெக்சாஸில் 11 வருஷம் ஆகிறது. பக்கத்து ஊர் டல்லாஸில் போலீஸ், தீயணைப்பு இரண்டுக்கும் சேர்த்து ஒரு பென்ஷன் ஃபண்ட் உண்டு. ஃபண்ட் என்று ஒன்று தனியாக இருந்தாலே பத்திரம் என்று நினைக்கிறவர்கள் அதன் கதையைக் கேட்க வேண்டும்.

ஓய்வு பெறும் தகுதி வந்த பிறகும் ஒருவர் வேலையில் தொடர்ந்தால், அவருடைய ஓய்வூதியத்தை ஒரு தனிக் கணக்கில் போட்டு அதற்கு 8 முதல் 10 சதவீதம்வரை உறுதியான வட்டி கொடுத்தார்கள். வங்கியில் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் அல்லாடும் ஊரில் 8 சதவீதம்! அவ்வளவு வட்டியை எங்கே சம்பாதிப்பது? ஹவாயில் சொகுசு வீடு, நாப்பாவில் திராட்சைத் தோட்டம், டல்லாஸ் நடுவில் மியூசியம் டவர் என்று 42 மாடிக் கட்டடம். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் வெயில் பிரதிபலிப்பு பக்கத்துச் சிற்பக்கூடத்தைச் சுடுகிறது என்று அது வேறு ஒரு சண்டை. 2016-இல் மதிப்பு இறங்கியது வெளியே தெரிந்ததும் எல்லாரும் ஓடிவந்து பணத்தை உருவினார்கள். சில மாதத்தில் 50 கோடி டாலருக்கு மேல். போலீஸ்காரர்களே வங்கி வாசலில் முண்டியடித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மேயர் மைக் ராலிங்ஸ் நீதிமன்றம் போனார், வாரியம் பணம் எடுப்பதை நிறுத்தியது.

மாநில அரசு கைகொடுத்ததா என்றால், 2017-இல் சட்டம்தான் போட்டது. போலீஸ்காரர் பங்கை 13.5 சதவீதமாக ஏற்றினார்கள், ஓய்வு வயதை 58 ஆக்கினார்கள், விலைவாசிக்கு ஏற்ற உயர்வை நிறுத்தி வைத்தார்கள், நகரத்தின் பங்கைக் கூட்டினார்கள். பணச்சுமை எல்லாம் நகரத்தின் மேலும் ஊழியர் மேலும். 2024 நவம்பரில் நகர மக்களே வாக்களித்து, முந்தைய வருஷத்தைவிடக் கூடுதலாக வரும் வருவாயில் பாதிக்குக் குறையாமல் இந்தப் பென்ஷனுக்கும் போலீஸ் எண்ணிக்கையை 4,000-க்குக் குறையாமல் வைக்கவும் போக வேண்டும் என்று சாசனத்தில் எழுதிவிட்டார்கள். அந்தக் கூடுதலில் இனி நூலகத்துக்கும் சாலைக்கும் மீதிப் பாதிதான். என் வீட்டு வரி இர்விங்குக்குப் போகிறது, தப்பித்தேன்.

கணக்குப்பிள்ளை:
நல்ல கதை, ஆனால் நமக்கு அப்படியே பொருந்தாது தம்பி. டல்லாஸில் பணம் ஒரு வாரியத்திடம் இருந்தது, அது ஹவாய்க்குப் போனது. தமிழ்நாட்டில் சி.பி.எஸ். பணம் அரசின் பொதுக் கணக்கில் இருக்கிறது. மற்ற மாநிலங்களில் பெரும்பாலானவை தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்து ஓய்வூதிய நிதி மேலாளர்களிடம் கொடுத்தபோது தமிழ்நாடு சேரவில்லை. எல்.ஐ.சி.யிலும் கருவூல உண்டியலிலும் (குறுகிய கால அரசுக் கடன் பத்திரம்) போட்டு வைத்துக்கொண்டு, ஊழியருக்கு ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) வட்டியைக் கணக்கில் ஏற்றியது. உண்டியலில் வட்டி குறைந்தால் அந்த வித்தியாசத்தையும் அரசுதான் போட வேண்டும். ஆக, பற்றாக்குறையை அரசு ஏற்பது நமக்குப் புதிது இல்லை. இவ்வளவு நாள் வட்டிக்கு மட்டும் ஏற்றது, இனி பென்ஷனுக்கே.

நம் பணம் மியூசியம் டவரில் மாட்டாது. அந்த 11,000 கோடியை ஒரு வருஷம் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் வெள்ளம், தேர்தல், மத்திய அரசு நிதி தரவில்லை என்று ஏதாவது காரணம் சொல்லிக் குறைத்துப் போடுவதுதான் நமக்கு ஆபத்து. குறைத்தால் அன்றைக்கு ஒருவருக்கும் வலிக்காது, ஒரு பென்ஷன்கூட நிற்காது. 20 வருஷம் கழித்துத்தான் தெரியும்.

லண்டன்_பொடியன்:
இஞ்ச இங்கிலாந்தில் பொலிஸ் பென்ஷனுக்கு முதலீட்டு நிதி என்று ஒன்றே இல்லை. வேலையில் இருக்கிறவர்களிடம் பிடிக்கிற காசையும் பொலிஸ் படை கட்டுகிற காசையும் ஒரு கணக்கில் போட்டு, அதிலிருந்தே ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுப்பினம். காணாவிட்டால் உள்துறை அமைச்சு மிச்சத்தை நிரப்பும், கூடினால் திருப்பி எடுத்துக்கொள்ளும். 2006 ஏப்ரலில் இருந்து இப்பிடித்தான் ஓடுது. காசு தவறினதாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் விதியை மாற்றுவினம். 2015-இல் இளம் ஆட்களை மட்டும் புதுத் திட்டத்துக்குத் தள்ளினார்கள். நீதிபதிகளும் தீயணைப்புக்காரரும் போட்ட வழக்கில், அது வயது பார்த்துச் செய்த பாரபட்சம் என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. அதைச் சரிக்கட்டுகிற வேலை பொலிசுக்கும் சேர்த்து இன்னும் முடியவில்லை. அக்கா கேட்ட கேள்விக்கு என்னுடைய பதில்: அரசாங்கம் காசு தரும், எந்த விதிப்படி தரும் என்பதைத்தான் பார்த்துக்கொண்டு இருக்க வேணும்.

தேனி_ஜவான்:
நான் மத்திய ரிசர்வ் போலீஸ். எங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நாங்கள் ஆயுதப் படைதான், பழைய ஓய்வூதியம் உண்டு என்று 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. கேம்பில் பட்டாசு வெடித்தோம். அதே வருஷம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது. 2003 டிசம்பர் 22-க்கு முன்னால் விளம்பரம் வந்த பணியிடத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் பழைய திட்டத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். என் பேட்ச் அதற்கு அப்புறம். மத்திய அரசின் யு.பி.எஸ். என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் 25 வருஷ சர்வீஸுக்கு கடைசி 12 மாத சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அரசு பங்கு 18.5 சதவீதம். அங்கே அரசு எவ்வளவு போடும் என்று ஒரு எண்ணாவது இருக்கிறது. உங்களுக்கு "மீதி முழுவதும்" என்று இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, அந்த மீதி எவ்வளவு என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வரிகட்டும்_கோவை:
ஜவான் அண்ணன் சொன்னது சரி. எனக்கும் வேண்டியது அதுதான். வருஷாவருஷம் பட்ஜெட்டில் ஒரு பக்கம் போடுங்கள், இந்த வருஷம் இவ்வளவு போட வேண்டியிருந்தது, இவ்வளவு போட்டோம் என்று. போலீஸுக்கு எவ்வளவு, ஆசிரியருக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டாலும் நல்லது. அதைப் பார்த்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். ஒரு லட்சத்துக்கும் மேலே ஆள் இருக்கிற படை, அதில் பாதிக்கு மேல் 2003-க்குப் பிறகு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
அதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2002-இல் 20 வயதில் சேர்ந்தவர் பழைய திட்டம், 2042-வரை வேலையில் இருப்பார். அவருக்குச் சந்தா பிடித்தமே கிடையாது, முழு பென்ஷனும் நேராக பட்ஜெட்டிலிருந்து. அக்கா வீட்டுக்காரரும் ஏறக்குறைய அப்போதுதான் வெளியே வருகிறார். ஆக, பழைய ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டே புதிய ஆட்களுக்கும் சேர்த்து வைக்க வேண்டிய காலம் இது. இரண்டையும் ஒரே கையால் செய்யும்போது எதில் கைவைப்பார்கள்? கொடுக்கிற பென்ஷனை நிறுத்தினால் அடுத்த நாளே கலவரம். சேர்த்து வைப்பதைக் குறைத்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அதைப் பார்த்துக் கத்த சங்கம் வேண்டும். ஆசிரியருக்கு இருக்கிறது, போலீஸுக்கு இல்லை. போலீஸ்காரர் வீட்டு ஆட்கள்தான் பார்க்க வேண்டும்.

ஓய்வு_எஸ்எஸ்ஐ_மதுரை:
அம்மா, சொல்லுகிறேன் என்று நினைக்காதே. 2042 பட்ஜெட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் உன் புருஷன் ஸ்லிப்பில் எல்லா மாதமும் ஏறியிருக்கிறதா என்று பார். பட்டாலியனிலிருந்து ஏ.ஆர். (ஆயுதப்படை), ஏ.ஆரிலிருந்து லோக்கல் ஸ்டேஷன் என்று மாறுகிறபோது பாதிப் பேருக்கு இரண்டு மூன்று மாதம் காணாமல் போயிருக்கும். சம்பளத்தில் பிடித்திருப்பார்கள், கணக்கில் இருக்காது. விட்டுப்போன மாதத்துக்கு அரசு பங்கும் ஏறாது, வட்டியும் ஏறாது.

சி_பிளாக்_குவார்ட்டர்ஸ்:
ஐயா சொன்ன பிறகு நேற்று ராத்திரி வருஷ வாரியாக ஒவ்வொரு ஸ்லிப்பாக எடுத்து நோட்டில் கோடு போட்டுப் பார்த்தேன். 2011-இல் ஐந்து மாதம் இல்லை, 2014-இல் இரண்டு மாதம் இல்லை. இரண்டும் மாறுதல் வந்த வருஷங்கள். இவர் 15 வருஷமாக இதைப் பார்க்கவே இல்லை! கட்டிலுக்கு அடியில் இருக்கிற டிரங்குப் பெட்டியை இழுத்துக் கொட்டினோம். பழைய யூனிபார்ம் பட்டன், பி.டி. ஷூ, ஒரு கட்டு பே ஸ்லிப் எல்லாம் கிடைத்தது, 2011-இன் ஐந்து மாதமும் இருக்கிறது, சி.பி.எஸ். என்று பிடித்தமும் தெளிவாக இருக்கிறது. 2014-ஐத்தான் காணோம். இப்போது என்ன செய்வது?

ஸ்டேஷன்_ரைட்டர்:
நல்ல வேளை, பே ஸ்லிப் இருக்கிறது. அது மட்டும் போதாது அக்கா, அந்தந்த மாதச் சம்பளப் பில் எந்தக் கருவூலத்தில் பாஸ் ஆனது, வவுச்சர் நம்பர் என்ன, தேதி என்ன என்று வேண்டும். அப்போது அவர் சம்பளம் வாங்கிய ஆபீசின் பில் ரிஜிஸ்டரில் இருக்கும். அங்கே அமைச்சுப் பணியாளர் யாராவது நல்லவர் கிடைத்தால் அரை மணி நேர வேலை. எல்லாவற்றையும் வைத்து, இப்போது சம்பளம் போடுகிற ஆபீஸ் மூலமாக விடுபட்ட சந்தா என்று தலைப்புப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், ஒரிஜினலைக் கையை விட்டு விடாதீர்கள். 2014-க்கு வங்கிப் பாஸ்புக்கைத் தேடுங்கள், அந்த மாதம் கைக்கு வந்த சம்பளத்தை வைத்து பிடித்தம் இருந்ததைக் காட்டலாம்.

வரிகட்டும்_கோவை:
ஏழு மாதம் பிடித்துவிட்டுக் கணக்கில் ஏற்றவில்லையா? அக்கா, இதற்கு நானும் உங்களோடு வந்து நிற்கிறேன்.

சி_பிளாக்_குவார்ட்டர்ஸ்:
பாஸ்புக் கிடைத்துவிட்டது, என் அம்மா வீட்டுப் பரணில் இருந்தது. பழைய ஆபீசுக்கு நேரில் போக வேண்டும், பஸ்ஸில் ஐந்து மணி நேரம். புதன்கிழமைக்கு ஒரு நாள் லீவு கேட்டிருக்கிறார். அன்றைக்கு தேர் பந்தோபஸ்து என்று இன்ஸ்பெக்டர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவர் போக முடியாவிட்டால் நான் போகலாமா, அங்கே உள்ளே விடுவார்களா என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.